நகலா, கையெழுத்தா?

போன மாதம் ஒரு இரண்டாவது சனிக்கிழமை. வங்கிக்காரனுக்கு அது ஒரு குட்டித் தீபாவளி. கைலியோடு காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். கராத்தே வகுப்பு முடிந்து வந்த மகள் பெல்ட்டை அவிழ்த்து சோபாவில் விட்டெறிந்தாள்.

"அப்பா, நான் இனிமே கராத்தேக்குப் போகல."

என்ன ஏது என்று விசாரித்ததில் விஷயம் இதுதான். அவள் இப்போது பழகுவது ஹெய்யான் சாண்டான் என்ற கட்டா. அதில் ஒரு இடத்தில் இரண்டு கை முஷ்டிகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து, மெதுவாகப் பின்பக்கம் திரும்ப வேண்டும். இவள் அந்தத் திரும்பலை இன்னும் மெதுவாக்கி, முதலில் கண், பிறகு முகம், அப்புறம் தோள், கடைசியில் இடுப்பு என்று திரும்பியிருக்கிறாள். மாஸ்டர் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால், "டான்ஸ் மத் கரோ! ஜைஸா சிகாயா வைஸா கரோ" என்று சொல்லிவிட்டார். (டான்ஸ் ஆடாதே, சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்.)

இதில் ஒரு பழைய காயமும் இருக்கிறது. நாங்கள் இந்த நாக்பூருக்கு வருவதற்கு முன்பு இருந்த ஊரில் அவள் நாலு வருடம் பரதநாட்டியம் கற்றாள். எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. டீச்சரை விட்டு வந்தோம். இங்கே பக்கத்தில் டான்ஸ் வகுப்பு கிடைக்கவில்லை. தெருமுனைப் பள்ளிக்கூட ஹாலில் கராத்தே இருந்தது. அதில் சேர்த்துவிட்டோம். அவள் டான்ஸை மறக்கவில்லை, வெள்ளை யூனிஃபார்முக்குள் ஒளித்து வைத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அடுத்தவங்க செஞ்சதையே அப்படியே செய்யறதுக்கு நான் எதுக்கு? ஒரு ரோபோ போதுமே" என்றாள். தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன். பதில் தெரியவில்லை.

பி.காம். படித்துவிட்டு டெபிட், கிரெடிட் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவனுக்கு கராத்தே பற்றி என்ன தெரியும்? ஆனால் பேலன்ஸ் ஷீட் இடித்தால் பழைய வவுச்சரைத் தேடிப் போகிற பழக்கம் மட்டும் உண்டு. அப்படி ஒரு மாதமாகத் தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கதை. வெளியூரில் பிள்ளைகளை ஏதாவது ஒரு வகுப்புக்கு அனுப்பிவிட்டு வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருக்கிற எல்லா அப்பா அம்மாக்களுக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கராத்தே என்றதும் "போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர் தெரியுமா?" என்று ஆரம்பிக்க நம்மில் பலருக்கும் நாக்கு துடிக்கும். எனக்கும் துடித்தது. ஆனால் போதிதர்மரை ஷாவோலின் சண்டைக் கலையோடு சேர்க்கிற கதை 17-ம் நூற்றாண்டில் கிளம்பியது; வரலாற்று ஆசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ஆகவே அவரை நிம்மதியாகத் தியானம் செய்ய விட்டுவிட்டு நாம் நேராக ஒகினாவாவுக்குப் போவோம் :-)

கட்டா என்றால் என்ன? எதிரில் ஆள் இல்லாமல், ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் செய்கிற அடி, தடுப்பு, உதை, திரும்பல்களின் தொகுப்பு. எந்தத் திசையில் எத்தனை அடி வைக்க வேண்டும், எங்கே கத்த வேண்டும் எல்லாம் முன்பே தீர்மானமானது. நம் கச்சேரிகளில் கீர்த்தனை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாகித்தியம் மாறாது, தாளம் மாறாது. ஆனாலும் ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடினால் ரேடியோவைத் திருப்பிய இரண்டாவது வினாடியில் யார் என்று சொல்லிவிடுகிறோம். கட்டாவில் அப்படி உண்டா? மகளின் கேள்வியே அதுதான்.

ஒகினாவா இன்று ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒரு தீவு. ஒரு காலத்தில் அது ரியூக்யூ என்ற தனி அரசு. சொந்த ராஜா, சொந்த மொழி. சீனாவோடு கப்பல் வியாபாரம். 1762-ல் ஒரு ரியூக்யூ கப்பல் புயலில் சிக்கி ஜப்பானின் தோசா கரையில் ஒதுங்கியது. அதில் வந்தவர்களிடம் கேட்டறிந்ததை அங்கிருந்த ஓர் அறிஞர் 'ஓஷிமா ஹிக்கி' என்று எழுதி வைத்தார். சீனாவிலிருந்து ஒருவர் சீடர்களோடு ரியூக்யூவுக்கு வந்து ஒரு சண்டைக் கலையைச் செய்துகாட்டிய செய்தி அதில் இருக்கிறது. அவரைக் குறிப்பிடும் பெயர்தான் குஷாங்கு. அதே பெயரில் ஒரு கட்டா இன்றும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டாவின் பெயரே ஒரு மனிதரின் பெயர். அடுத்த தலைமுறைகளில் அந்த ஒரு கட்டா பல வடிவமாகப் பிரிந்தது. ஒன்றின் பெயர் சதான்யாரா குஷாங்கு. சதான் என்பது ஊர், யாரா என்பது ஆசிரியர் பெயர். நம் ஊரில் 'செம்மங்குடி பாணி', 'அரியக்குடி பாணி' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆக, ஆதியில் கட்டா என்பது வானத்திலிருந்து விழுந்த சட்டப் புத்தகம் இல்லை. யாரோ ஒருவர் தன் உடம்புக்கும் புத்திக்கும் ஏற்றபடி செய்தது, மற்றவர் உடம்பில் ஏறி, அங்கே கொஞ்சம் மாறி, அடுத்தவருக்குப் போனது.

அன்றைய பாடமுறையும் அப்படித்தான். ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர், நேரம் ராத்திரி. பின்னாளில் 'நவீன கராத்தேயின் தந்தை' என்று பெயர் வாங்கிய ஃபுனகோஷி கிச்சின் (1868-1957) பகலில் பள்ளிக்கூட வாத்தியார். ராத்திரியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அசாதோ அங்கோ என்ற ஆசிரியர் வீட்டுக்கு நடப்பாராம். தினமும் இப்படிப் போய்விட்டு விடியற்காலையில் திரும்புகிற மனுஷனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வேறு மாதிரி சந்தேகப்பட்டதைத் தன் வரலாற்றில் அவரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அங்கே முற்றத்தில் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 'இன்னொரு தடவை' என்பதுதான் ஆசிரியரிடமிருந்து அதிகம் கேட்ட வார்த்தை. ஒரு கட்டா தேறாமல் அடுத்தது கிடையாது.

அப்படியானால் முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்ற எண்ணிக்கைக்கு ஒரே மாதிரி கையை நீட்டுகிற காட்சி எங்கிருந்து வந்தது?

அதற்கு அரசியல் காரணம் இருக்கிறது. 1879-ல் ஜப்பான் ரியூக்யூ அரசைக் கலைத்துத் தன் மாகாணமாக்கியது. அதோடு பள்ளிக்கூடமும் வந்தது, பின்னால் கட்டாய ராணுவச் சேவையும் வந்தது. பள்ளியில் பிள்ளைகள் ஒகினாவா மொழியில் பேசினால் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டிவிடுவார்கள். அடுத்து யார் தாய்மொழியில் பேசி மாட்டுகிறானோ அவன் கழுத்துக்கு அது போகும். (வீட்டில் தமிழ், ரோட்டில் ஹிந்தி, ஸ்கூலில் ஆங்கிலம் என்று மூன்று நாக்கோடு வளர்கிற நம் பிள்ளைகளை நினைத்தால் இந்த இடம் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.)

இந்தச் சூழ்நிலையில்தான் இதோசு அங்கோ (1831-1915) என்ற மூத்த ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். ராத்திரி முற்றத்தில் இருந்த கலையைப் பகல் வெளிச்சத்தில் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்தார். 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஒகினாவாவின் பள்ளிகளில் அது பாடமானது. பிள்ளைகளுக்காக பினான் என்ற பெயரில் ஐந்து சிறிய கட்டாக்களை அமைத்தார். 1908-ல் கல்வித் துறைக்குப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கடிதமும் எழுதினார். உடம்புக்கு நல்லது, நாட்டுக்கு நல்ல சிப்பாய் கிடைப்பான் என்பது அதில் முக்கியமான வாதம்.

ஐம்பது பையன்களுக்கு ஒரே வாத்தியார் என்றால் என்ன ஆகும்? எண்ணிக்கை வந்தே தீரும். ஒவ்வொருத்தனும் தன் மூச்சுக்கு ஏற்றபடி செய்தால் வாத்தியாரால் திருத்த முடியாது. எல்லோரும் 'ஒன்று' என்றால் ஒன்று. இது குறை சொல்வதற்கில்லை. வங்கியில் ஒருத்தர் நன்றாகக் கணக்கு எழுதினால் போதாது, நாடு முழுக்க எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்றால் ஃபாரம் வேண்டும் அல்லவா? இதோசு கராத்தேக்கு ஃபாரம் அடித்தார். அதனால்தான் கலை பிழைத்தது, ஒகினாவாவை விட்டு வெளியே போனது, கடைசியில் நாக்பூர் தெருமுனை வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஃபாரத்தில் ஒரு கட்டம் விடுபட்டுப் போனது. செய்கிறவன் யார் என்கிற கட்டம்.

இனி நம்மை மாதிரி ஆட்களுக்கு மிகவும் பிடித்த பகுதி.

1922 மே மாதம் டோக்கியோவில் கல்வி அமைச்சகம் நடத்திய கண்காட்சியில் கராத்தேயை அறிமுகம் செய்ய ஃபுனகோஷி அனுப்பப்பட்டார். வயது 53. காட்டிவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தன் கொடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். அங்கே அவர் செய்தது குஷாங்கு. கூடச் செய்தவர் டோக்கியோவில் வணிகம் படித்துக்கொண்டிருந்த கிமா ஷின்கின் என்ற ஒகினாவா மாணவர். (காமர்ஸ் ஸ்டூடண்ட் என்று படித்ததும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்!) இன்னும் கொஞ்ச நாள் இருங்கள், இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்க, மனுஷன் தங்கிவிட்டார்.

தங்க இடம்? ஒகினாவாவிலிருந்து படிக்க வந்த மாணவர்களின் விடுதி. பெயர் மெய்செய் ஜுகு. அங்கே காவல் பார்த்தார், தோட்டத்தைக் கவனித்தார், அறைகளைப் பெருக்கினார். அங்கேயே கராத்தேயும் சொல்லிக்கொடுத்தார். கையில் காசில்லாமல் ஒருமுறை தன் தொப்பியையும் ஒரு கிமோனோவையும் அடகுக் கடைக்கு எடுத்துப் போனார். பொருளின் மதிப்புக்கு மேலேயே பணம் கொடுத்தார்கள். அந்த ஊழியரின் சகோதரர் அவரிடம் கராத்தே படிக்கிற மாணவராம். நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஊழியர் செய்தது விதிமுறைப்படி தப்பு. ஆனால் அவருக்கு ஒரு கும்பிடு.

அவர் மனைவி டோக்கியோவுக்கு வரவில்லை. முன்னோர் வழிபாட்டை விட்டுவிட்டு வர முடியாது என்று ஒகினாவாவிலேயே இருந்துவிட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள், அதுவும் கொஞ்ச காலம். 1947-ல் அந்த அம்மா இறந்துபோனார்.

இப்படி ஊரை விட்டு வந்த மனிதர் தான் கொண்டுவந்த சொத்தை என்ன செய்தார்? பெட்டியில் பூட்டி வைத்தாரா? இல்லை. மாற்றினார், தைரியமாக மாற்றினார். ஒகினாவாப் பெயர்கள் டோக்கியோக்காரர்களுக்குப் புரியவில்லை என்று கட்டாக்களுக்குப் பெயர் மாற்றினார். பினான் ஹெய்யான் ஆனது. நைஹாஞ்சி டெக்கி ஆனது. குஷாங்கு 'கங்கு' ஆனது. இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களுக்கு நடுவே வானத்தைப் பார்ப்பதுதான் அதன் முதல் அசைவு. 'வானத்தைப் பார்த்தல்' என்பதே புதுப் பெயரின் பொருள். கவிதைக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஷோட்டோ, பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையோசை. அந்தப் புனைபெயரால்தான் பின்னாளில் அவர் பாணிக்கு ஷோட்டோகான் என்று பெயர் வந்தது. இதோசு வரிசையில் முதலாவதாக இருந்த பினானை இரண்டாவதாகவும் இரண்டாவதை முதலாகவும் மாற்றியவரும் அவர்தான், எளிதானது முதலில் வரட்டும் என்று.

இத்தனைக்கும் இதே மனிதர் மாணவர்களுக்கு இருபது விதிகள் வகுத்தபோது, கட்டாவைப் பிசகாமல் செய்ய வேண்டும் என்பதையும் அதில் ஒன்றாக வைத்தார். தான் சிறுவயதில் கற்ற கராத்தேயும் இப்போது மாணவர்கள் செய்கிற கராத்தேயும் ஒன்றல்ல என்று எழுதியவரும் அவரே. முரண்பாடு மாதிரி இருக்கிறதா? எனக்கும் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள்.

அவருடைய மூன்றாவது மகன் யோஷிதகா. 1906-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே காசநோய் கண்டுவிட்டது, நெடுநாள் தாங்க மாட்டார் என்று சொல்லப்பட்ட பிள்ளை. அப்பாவின் கராத்தேயில் நிற்கும் நிலை உயரம். இயல்பாக நின்று செய்வது. மகன் காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, நிலையை ஆழமாக்கினார். உதைகளை உயர்த்தினார். முன்னுதை இருந்த இடங்களில் பக்கவாட்டு உதை வந்தது. குறுகிய பூனை நிலை நீண்ட பின்நிலை ஆனது. இந்த மாற்றங்களில் பெரும்பங்கு யோஷிதகாவுடையது என்பார்கள். தனக்கு அதிக நாள் இல்லை என்று தெரிந்த ஒருவர் ஒவ்வொரு அசைவையும் முழுப் பலத்தோடு செய்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். 1945-ல் இறந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

இங்கேதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "முட்டியை இன்னும் மடக்கு, இன்னும் கீழே" என்று மாஸ்டர் என் மகளிடம் வாரம் இரண்டு தடவை சொல்கிறாரே, 'சரியான முறை' என்று உலகமெல்லாம் ஷோட்டோகான் பிள்ளைகள் முட்டி வலிக்க நிற்கிறார்களே, அந்தத் தாழ்ந்த நிலை ஒரு நோயாளி இளைஞனின் சொந்த வெளிப்பாடு! அவருடைய கையெழுத்து நமக்கு அச்செழுத்தாக வந்திருக்கிறது. நகல் எடுக்கச் சொல்லப்படுகிற அசலே ஒருவருடைய சொந்தச் சரக்குதான்.

இன்னொரு கிளையையும் பாருங்கள். இதோசுவிடம் படித்த இன்னொருவர் மபுனி கென்வா (1889-1952). ஹிகாவோன்னா என்ற வேறொரு ஆசிரியரிடமும் படித்தார். போலீஸ் அதிகாரியாக இருந்தவர், 1929-ல் ஒசாகாவுக்குக் குடிபெயர்ந்தார். (இவரும் வெளியூர்க்காரர்தான்!) தன் பாணிக்குத் தன் பெயரை வைக்காமல் இரண்டு ஆசிரியர்களின் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்து ஷிட்டோ ரியூ என்று வைத்தார். இதோசு கொடுத்த அதே பினான் கட்டாக்கள் ஃபுனகோஷி வழியில் ஒரு மாதிரி, மபுனி வழியில் வேறு மாதிரி. ஒரே வாத்தியார், ஒரே பாடம், இரண்டு உடம்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு வெற்றிக் களிப்போடு மகளிடம் ஓடினேன். "பாத்தியா, எல்லாருமே மாத்தியிருக்காங்க. நீ செஞ்சது தப்பே இல்ல" என்றேன். அவள் கேட்ட ஒரே கேள்வி என்னைக் கவிழ்த்துவிட்டது. "அவங்க எல்லாம் எத்தன வருஷம் கழிச்சு மாத்தினாங்கப்பா?"

ஃபுனகோஷி இதோசுவிடம் நைஹாஞ்சியின் மூன்று கட்டாக்களுக்கு மட்டும் செலவழித்தது சுமார் பத்து வருடம். ஒரு கட்டாவுக்கு மூன்று வருடம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அவ்வளவு காலம் ஒன்றையே செய்த பிறகுதான் அந்த மனிதர்கள் கையை வைத்தார்கள். ஜப்பானில் தேநீர்க் கலை முதல் வாள் வீச்சு வரை பேசப்படுகிற மூன்று சொற்கள் உண்டு: ஷு, ஹா, ரி. முதலில் காப்பது, பிறகு உடைப்பது, கடைசியில் விலகிப் போவது. முதல் படியில் நிற்காமல் இரண்டாவதில் கால் வைத்தால் அதற்கு உடைப்பது என்று பெயர் இல்லை, இடறுவது என்று பெயர். ஃபுனகோஷியிடம் நான் கண்ட முரண்பாடும் இதுதான். பிசகாமல் செய் என்றது தொடங்குகிறவனுக்கு. மாற்றியது அவர், ஆயுளையே அதில் போட்ட பிறகு.

சரி, மாற்றாமலேயே ஒருவர் தன்னை வெளிப்படுத்த முடியாதா? முடியும் என்பதற்கு 2021-ல் உலகமே சாட்சி. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. (2024 பாரிஸில் இல்லை.) ஆகஸ்ட் 5, நிப்பான் புடோகான் அரங்கம், பெண்கள் கட்டா இறுதிப் போட்டி. ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ், வயது 39. ஜப்பானின் ஷிமிசு கியோ, வயது 27. இருவரும் தேர்ந்தெடுத்தது ஒரே கட்டா. எது தெரியுமா? நாம் மேலே பார்த்த அதே சதான்யாரா குஷாங்கு.

அன்றைய மதிப்பெண் முறையைக் கேளுங்கள். 7 நடுவர்கள். உத்திக்கு 70 சதவீதம், உடல் திறனுக்கு 30 சதவீதம். நிலை, மூச்சு, நேரம், வேகம், பலம், சமநிலை என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. 'சொந்த வெளிப்பாடு' என்று ஒரு கட்டம் கிடையாது. சான்செஸ் 28.06, ஷிமிசு 27.88. வித்தியாசம் 0.18.

அந்த இரண்டு வீடியோவையும் மகளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அசைவு அதே, வரிசை அதே. ஆனால் என் கண்ணுக்கு ஒருவர் ஆணி அடிப்பதுபோல ஒவ்வொன்றையும் நிறுத்தினார், இன்னொருவர் தண்ணீர் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனார். யார் சிறந்தவர் என்று நடுவர்களுக்கே 0.18 தான் சந்தேகம். யார் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. முகத்தை மறைத்திருந்தாலும் சொல்லியிருப்போம்.

மறுநாள் ஆண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர் கியூனா ரியோ. ஒகினாவாக்காரர். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஒகினாவா மனிதர். மேடையில் ஏறும்போது மறைந்த தன் அம்மாவின் படத்தைக் கையில் வைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் டோக்கியோவுக்கு வந்து விடுதி பெருக்கி 99 வருடம் கழித்து.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

மைனர் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகள் 18 வயது ஆனதும் மாதிரிக் கையெழுத்துப் போட வருவார்கள். ராத்திரி முழுக்கப் பழகிய கையெழுத்தாக இருக்கும். மேலே ஒரு சுழி, கீழே ஒரு வால், நடுவே ஒரு மின்னல். ஆறு மாதம் கழித்து செக் போட்டால் அந்த மின்னல் வராது. கையெழுத்து மாறுகிறது என்று செக் திரும்பிப் போகும். அதே நேரத்தில் முப்பது வருடமாக வருகிற ஒரு பென்ஷன்காரர் இருப்பார். கை நடுங்கும். ஒரு நாள் எழுத்து பெரிதாக, ஒரு நாள் கோணலாக. ஆனால் பார்த்ததும் இது அவர்தான் என்று தெரியும். பத்துத் தடவை போட்டாலும் இரண்டு ஒன்று போல இருக்காது, வேறொருவர் போட்டதாகவும் தெரியாது. மாதிரியின் மேல் வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிற கையெழுத்து வந்தால்தான் நாங்கள் உஷாராவோம். அது வரைந்தது, போட்டது இல்லை.

கையெழுத்தைத் தனியாக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் ஒரே அ, ஆவன்னாவை ஒரே கோட்டு நோட்டில், டீச்சர் எழுதியதுக்குக் கீழே அப்படியே எழுதித்தான் பழகினோம். எழுதி எழுதி, என்றைக்கோ ஒரு நாள், நமக்கே தெரியாமல் அது நம்முடையதாக ஆகிவிட்டது.

போன வாரம் மாஸ்டரிடம் பேசினேன். சண்டைக்குப் போகவில்லை, மரியாதையாகத்தான். பொண்ணு நாலு வருடம் டான்ஸ் படித்தவள், அது உடம்பில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "சார், நகல் மே பீ அகல் சாஹியே." காப்பி அடிப்பதற்கும் புத்தி வேண்டும் என்று இந்தப் பக்கம் சொல்கிற சொலவடை. அந்த 'நகல்' நம் ஆபீஸில் அசல், நகல் என்று தினமும் புழங்குகிற அதே நகல்தான். பிறகு அவரே சொன்னார், அவள் கண் முதலில் திரும்பியது தப்பில்லையாம். எதிராளி பின்னால் இருந்தால் யாரும் முதலில் கண்ணால்தான் பார்ப்பார்கள். ஆனால் அவள் எதிராளியைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்த்தாள். "எதிராளியைப் பார்க்கச் சொல்லுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்றார். முப்பது பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்றும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். ஒன்றும் பதில் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஹாலில் டீப்பாயை நகர்த்துகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முஷ்டிகள் இடுப்பில், கால்கள் சேர்ந்து, பின்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். கண் முதலில் போனது. இந்தத் தடவை அது எங்களைத் தேடவில்லை. சமையலறைக் கதவருகே நிஜமாகவே யாரோ நிற்பதுபோல அங்கேயே நிலைத்தது. தங்கமணி சட்டென்று அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள், யார் என்று!

திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விட்டாள். ஷு முடிந்து ஹா வர இன்னும் எத்தனை வருடமோ. அதற்குள் எனக்கு இன்னொரு டிரான்ஸ்ஃபர் வரும். புது ஊர், புது மாஸ்டர், "இப்படி இல்லை, அப்படி" என்று புதுத் திருத்தம் வரும். போகட்டும். நம் வீடுகளில் அம்மாவிடம் கற்ற ரசத்தை இந்த ஊர்ப் புளியில் வைத்து, இந்த ஊர்த் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அம்மா வைத்த மாதிரியே இருக்கிறது என்று சாப்பிடுகிறோமே. அது நகலா, கையெழுத்தா?